தகவல் தொழிலைப் பாராட்டும் மாணவர்கள் அதைத் தொடங்க ஏன் தயங்குகிறார்கள்?

பாடாங் செராய் மாணவி:
அனைவருக்கும் வணக்கம். மலேசிய அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் தகவல் நிர்வாகம் பயிலும் இறுதியாண்டு மாணவி நான். தகவலைத் திரட்டி, சரிபார்த்து, தேவைப்படுவோருக்கு ஏற்ற வடிவில் கட்டணத்துக்கு வழங்கும் தொழில்களைப் பற்றி வகுப்பில் பேச்சு எழுந்தால் எல்லாரும் ஆர்வம் காட்டுகிறார்கள். பட்டம் பெற்றபின் தொடங்கப் போவது யார் என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை. கல்விக்கடனைக் கட்ட வேண்டும், வீட்டில் அரசாங்க வேலையை எதிர்பார்க்கிறார்கள், கூகுளில் சும்மா கிடைப்பதற்கு யார் காசு கொடுப்பார்கள் என்று மூன்று காரணங்களைச் சொல்கிறார்கள். எஸ்பிஎம், எஸ்டிபிஎம் எனும் பள்ளி இறுதித் தேர்வுகளை முடித்தவர்களுக்கு உயர்கல்வி விண்ணப்ப வழிகாட்டுதல், சிறு தோட்டக்காரர்களுக்குச் செம்பனை (எண்ணெய்ப் பனை) விலை விளக்கம் ஆகிய இரண்டும் என் எண்ணத்தில் உள்ளன. நண்பர்களின் தயக்கம் நியாயமானதா? நம்மைப் போன்ற தோட்டப்புறச் சிறுபட்டணத்தில் இது எடுபடுமா?

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்:
தயக்கம் நியாயமானதே, மகளே. தோட்டக் கிராணி (எழுத்தர்) மனு எழுதிக் கொடுத்த காலத்திலிருந்தே படிவம் நிரப்பித் தருவதை நம்மவர்கள் உதவியாகத்தான் பார்க்கிறார்கள். அதற்குக் கட்டணம் கேட்டால் முகம் சுளிப்பார்கள். பெற்றோரையும் குறை சொல்வதற்கில்லை. மழை பெய்தால் ரப்பர் மரம் சீவ முடியாது, அன்றைய கூலியும் இல்லை என்று வாழ்ந்தவர்களுக்கு மாதச் சம்பளத்தின் அருமை நன்றாகத் தெரியும். உயர்கல்வி வழிகாட்டுதலைப் பள்ளிகளும் பொது இயக்கங்களும் இலவசமாகவே செய்கின்றன. அதில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

கூலிம் விரிவுரையாளர்:
ஐசக் ஐசன் 1991இல் விளக்கிய திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு இங்கே பொருந்தும். ஒருவருடைய மனப்பாங்கு, சுற்றத்தார் எதிர்பார்ப்பு, தம்மால் முடியும் என்ற நம்பிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒரு செயலுக்கான நோக்கத்தை உருவாக்குகின்றன என்கிறது அது. உங்கள் வகுப்பில் முதலாவது தாராளமாக இருக்கிறது. மற்ற இரண்டும்தான் குறைவு. தொழில்முனைவுப் பாடத்தில் மாணவர்கள் அழகான தொழில் திட்டம் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள், ஆனால் முன்பின் தெரியாத ஒருவரிடம் பத்து ரிங்கிட் கட்டணம் கேட்டுப் பழகுவதில்லை. பாடத்தின் இந்தக் குறையை மாணவர்களின் சோம்பலாகக் கருதுவது எனக்கு உடன்பாடில்லை.

கணக்கு எழுதும் அலுவலகம் நடத்துபவர்:
தலைமையாசிரியர் ஐயா கூறுவது உயர்கல்வி விண்ணப்பத்துக்குப் பொருந்தும். செம்பனைக்குப் பொருந்தாது, தங்கச்சி. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் வட்டார வாரியாக வெளியிடும் குலை விலை, ஒரு டன் குலையிலிருந்து பிழியப்படும் எண்ணெயின் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் உரியது. அது 40 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், 19 விழுக்காடு எண்ணெய் தரும் குலைகளுக்கு டன்னுக்கு 760 ரிங்கிட். அதிலிருந்து லாரிக் கூலியும் வியாபாரியின் பங்கும் கழியும். விலை எல்லாருக்கும் இலவசமாகத் தெரிகிறது. ஆனால் தம் கையிலுள்ள ரசீதில் எத்தனை விழுக்காடு கணக்கிடப்பட்டிருக்கிறது, டன்னுக்கு எவ்வளவு கழிக்கப்பட்டிருக்கிறது என்பதை என் தந்தையார் உட்படப் பலர் பார்ப்பதே இல்லை. அந்த ரசீதைச் சரிபார்த்து, இரண்டு மூன்று வியாபாரிகளின் விலையோடு ஒப்பிட்டுச் சொல்வதற்குக் காசு கொடுப்பார்கள், ஏனென்றால் கிடைக்கும் ஆதாயம் அடுத்த அறுவடையிலேயே தெரிந்துவிடும்.

தொழிலைத் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் எனப்படும் நிறுவன ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் என்றால் 60 ரிங்கிட். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், வாடிக்கையாளர்களின் அடையாள அட்டைப் படங்களைக் கைப்பேசியில் சேர்த்து வைக்காதீர்கள். வருமான வரிப் படிவத்தையும் நிரப்பித் தரச் சொல்வார்கள். வரி முகவர் அங்கீகாரம் இல்லாமல் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது.

பாடாங் செராய் மாணவி:
ஐயாவுக்கும் மற்ற இருவருக்கும் மிக்க நன்றி. விண்ணப்ப வழிகாட்டுதலைக் கைவிடுகிறேன். ரசீதுச் சரிபார்ப்புக்கு மாதக் கட்டணமா, ரசீதுக்கு இவ்வளவு என்றா, எது பொருத்தம் அண்ணா?

கணக்கு எழுதும் அலுவலகம் நடத்துபவர்:
ரசீதுக்கு இவ்வளவு என்று வையுங்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று முறை குலை வெட்டுவார்கள். காய்ப்புக் குறைந்த மாதங்களில் மாதக் கட்டணம் பாரமாகத் தெரியும். முதலில் உங்கள் உறவினர் அல்லாத நான்கு பேரிடம் பழைய ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கழிவு எங்கே அதிகம் என்பது அதிலேயே தெரியும்.