சிறிய அரங்கில் பார்த்த ஜப்பானிய இசை நாடகம்: இன்னும் மனத்தை உறுத்தும் கணம் எது?

கடைசி வரிசை:

பெண்கள் மட்டுமே நடிக்கும் இசை நாடக அமைப்பான டகராசுகாவின் ஐந்து குழுக்களைப் பற்றியும், ஆண் வேடமேற்கும் ஒட்டோகோயாக்கு நடிகையரைப் பற்றியும் இங்குள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெரிய அரங்கில் 2,550 இருக்கைகள் உண்டு. அதே வளாகத்தில் 1978இல் திறக்கப்பட்ட பவ் ஹாலில் ஏறத்தாழ 500தான். அங்கே 26 படிகள் கொண்ட மாபெரும் படிக்கட்டு இல்லை, பார்வையாளர் பக்கமாக நீண்டு வரும் வெள்ளிப் பாலமும் இல்லை. இளம் நடிகையர் முதன்முறையாக நாயகப் பொறுப்பைத் தோளில் ஏற்றுப் பார்ப்பது பெரும்பாலும் அங்கேதான்.

அன்று நாயகனாக வந்தவரும் அப்படி ஒருவர். இரண்டாம் பாதியில், விட்டுப் பிரிந்த நண்பனை எண்ணித் தனியாகப் பாடும் பாடல். கடைசி அடிக்கு முன் அவர் மூச்சை உள்ளிழுத்த ஓசை ஆறாவது வரிசையில் இருந்த எனக்கு ஒலிபெருக்கியின் துணையின்றி நேராகவே கேட்டது. பாடல் முடிந்துவிட்டது என்று எண்ணிக் கைதட்டிவிட்டேன். இரண்டே தட்டுகள், வேறு ஒருவரும் தட்டவில்லை. அவர் அசையாமல் நின்று, பிறகு அந்த அடியை ஏறக்குறைய பேசுவதைப் போன்ற தாழ்ந்த குரலில் பாடி முடித்தார். அந்தத் தாழ்வு ஒத்திகையிலேயே தீர்மானிக்கப்பட்டதா, அல்லது என் கைகள் செய்த வினையா? என்னிடம் இருந்தது அந்த ஒரு காட்சிக்கான சீட்டு மட்டுமே.

திண்ணைவாசி:

500 இருக்கைகளைச் சிறியது என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. டோக்கியோவின் ஷிமோகிடசாவாவில் 1982இல் திறக்கப்பட்ட ஹோண்டா அரங்கில் 386 இருக்கைகள்தாம். அந்தப் பகுதியின் நாடகக் குழுக்களுக்கு அந்த மேடையில் ஏறுவதே பெரிய கனவு. நான் சொல்ல வந்தது அதைவிடவும் சிறிய ஓர் இடம். நான்கு நடிகர்கள், ஒரு மின்பியானோ; முன்வரிசையில் நாற்காலிக்குப் பதிலாகத் தரையில் மெத்தைகள்.

கணவன் நெடும்பாட்டு ஒன்றைப் பாடி முடித்து உயிர்விட வேண்டும். விட்டார். ஆனால் என் முழங்காலிலிருந்து ஒரு முழத் தொலைவில், பாடிய களைப்பில் அவருடைய மார்பு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. பிணம் மூச்சு வாங்குவதைப் பார்ப்பது அவரை அவமதிப்பதாகும் என்று தோன்றியதால் தலையைக் குனிந்துகொண்டேன். அவருடைய மனைவியாக நடித்தவர் மேடையின் மறுகோடியில் பாடிய பாடல் முழுவதும் என் கண்ணில் படாமல் போயிற்று. அரங்கை விட்டு வெளியேறும்போது எல்லோரும் வியந்து பேசியது அந்தக் காட்சியைத்தான். தங்களுக்காவது அந்த அடி காதில் விழுந்தது, ஐயா.

மூன்றாம் மணி:

திண்ணைவாசி அவர்களே, இது இருக்கைகளை எண்ணிப் பார்க்கும் போட்டி அன்று. கடைசி வரிசை அவர்களுக்கு: முகத்தில் விளக்கு அடிக்கும்போது ஆறாவது வரிசை மேடையில் இருப்பவருக்கு இருட்டாகவே தெரியும்; யார் தட்டினார் என்று அவர் தேடியிருக்க வழியில்லை. ஆயினும் இனி ஒன்று செய்யுங்கள். டகராசுகாவில் எந்த இடத்தில் தட்டுவது என்பதை ரசிகர் மன்றத்தினர் நன்கு அறிவார்கள். அவர்கள் கை எழும்வரை உங்கள் கையை மடியிலேயே வைத்திருங்கள்.

அதைவிட முக்கியமானது முதுகு. இருக்கையின் சாய்வில் முதுகை ஒட்டி உட்கார வேண்டும் என்று நாடகம் தொடங்குமுன் அறிவிப்பதை நம்மவர்கள் சடங்காக எண்ணிவிடுகிறோம். நீங்கள் ஓர் அடி முன்னால் சாய்ந்தால் பின்னால் இருப்பவருக்கு மேடையின் நடுப்பகுதியே மறைந்துபோகும். கொண்டையைத் தாழ்த்தி முடியுங்கள், தொப்பியைக் கழற்றுங்கள். வாசலில் தரும் விளம்பரத் தாள்கட்டை மடியில் வைத்துக்கொள்ளாமல் பைக்குள் போட்டுவிடுங்கள். மெல்லிய பாடலின் நடுவே அது சரிந்து விழும் ஓசைக்கு ஈடான கொடுமை வேறில்லை. கைப்பேசியை அதிர்வில் வைப்பது போதாது, அணைத்தே விட வேண்டும். இருக்கையில் கருத்துத் தாள் இருந்தால், மொழி தடுமாறினாலும் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்.

என் அனுபவம் என்றால், மங்கா என்னும் ஜப்பானியப் படக்கதை ஒன்றைத் தழுவிய, ‘2.5 பரிமாணம்’ எனப்படும் வகை நாடகத்தில் முன்னால் சாய்ந்தவன் நான்தான். பின்னாலிருந்த அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. இடைவேளைக்குப் பிறகு அவருடைய இருக்கை காலியாக இருந்தது.

கடைசி வரிசை:

நன்றி. கை எப்போது எழ வேண்டும் என்பது அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. நான் கேட்டது அந்தக் குரலைப் பற்றி. அந்நாடகம் வட்டாக வெளிவந்து, அதை வாங்கியும் விட்டேன். பதிவானது வேறொரு நாளின் காட்சி. முதல் பாதியை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.