கொரோனாவில் ஆண்கள் பிடித்த கரண்டி இப்போ யார் கையில்?

பொள்ளாச்சிக்காரன்:
2020 மார்ச் 25 ஊரடங்கு ஆரம்பிச்சதிலிருந்து காலைச் சமையல் என்னுது. மனைவிக்கு வங்கி வேலை, தினமும் போயாகணும். நான் வீட்டில லேப்டாப்போட. தோசை வட்டமா வரவே ஒரு மாசம் ஆச்சு. கொரோனா பெண்களைப் பின்னுக்குத் தள்ளிடுச்சுன்னு எழுதறவங்க இதைப் பார்க்கறதே இல்லை. அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில், 15 வயசும் அதுக்கு மேலயும் உள்ள பெண்கள்ல வேலை பார்க்கறவங்களும் தேடறவங்களும் 2018-19ல் 24.5 சதவீதம், 2020-21ல் 32.5. கூடித்தானே இருக்கு?

நிலாமுற்றம்:
அதே கணக்கெடுப்புல அடுத்த அட்டவணையையும் புரட்டுங்கண்ணா. உழைக்கும் பெண்கள்ல மாதச் சம்பளக்காரங்க 21.9லிருந்து 17.4 சதவீதமாச்சு. குடும்பத் தொழில்ல கூலியில்லாம கைகொடுக்கறவங்க 30.9லிருந்து 36.6. மாட்டுத் தொழுவத்துலயும் மளிகைக் கடையிலயும் நிக்கறவங்க. வேலை கூடிச்சு, சுருக்குப்பை நிறையலை.

பொள்ளாச்சிக்காரன்:
வீட்டு வேலையையும் வேலையாச் சேர்க்கணும்னு சொல்றது நீங்கதானே? கூலி இல்லேன்னா மட்டும் கழிச்சிடுவீங்களா?

நிலாமுற்றம்:
கழிக்கலை. முழுசாச் சேர்த்துப் பாருங்கங்கறேன். 2019ல எடுத்த நேரக் கணக்கெடுப்புப்படி வீட்டு வேலை செய்யற பெண்ணுக்கு நாளுக்கு 299 நிமிஷம், ஆணுக்கு 97. அதுவும் செய்யற ஆண்களே நூத்துக்கு 26 பேர்தான். இதுக்கு மேல பள்ளிக்கூடத்தையும் மூடினாங்க. நம்ம ஊர்ல ஒண்ணாவது முதல் எட்டாவது வரை திறந்தது 2021 நவம்பர் 1. அதுவரை பிள்ளையைப் பிடிச்சு கல்வித் தொலைக்காட்சி முன்னாடி உக்கார வெச்சது யாரு?

மீட்டிங்ல என் வீட்டுக் குக்கர் விசிலடிச்சா மேனேஜர், "சமையக்கட்டுல இருந்தா பேசறீங்க?"ம்பார். கூட வேலை பார்த்த ஆண் வீட்டிலயும் அதே விசில். அவரை யாரும் கேட்டதில்லை.

தறிநாடா:
ரெண்டு பேரும் லேப்டாப் வீட்டுக்காரங்க. எங்கம்மா திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங், அப்பா டையிங். ஊரடங்குல ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல வேலை போச்சு. அப்பா திண்ணையில உக்காந்தார். அம்மாவுக்குத் திண்ணை கிடைக்கலை: ரேஷன் வரிசை, தண்ணிக் குடம், காய்ச்சல்ல கிடந்த பாட்டி. கம்பெனி திறந்ததும் அப்பாவை முதல்ல கூப்பிட்டாங்க. அம்மாவுக்கு போன் வர அடுத்த தீபாவளி ஆச்சு. இதுல சமத்துவம் எங்க இருக்குன்னு நீங்களே தேடிச் சொல்லுங்க.

பொள்ளாச்சிக்காரன்:
தம்பி, உங்கம்மா விஷயத்துல நான் வாதாட வரலை. ஆனா எல்லாப் பழியையும் ஆண் தலையிலயே கட்டாதீங்க. நான் கரண்டி பிடிச்சப்போ முதல்ல முகம் சுளிச்சது எங்கம்மாதான். "ஆம்பளைக்கு அடுப்படியில என்ன வேலை?"ன்னு ஒரு வாரம் பேசவே இல்லை. அதையும் மீறித்தான் சமைச்சேன்.

நிலாமுற்றம்:
அதுக்கு நிஜமாவே சபாஷ். ஒண்ணு மட்டும் கேக்கறேன். இப்ப காலைல தோசை யார் சுடறது?

பொள்ளாச்சிக்காரன்:
எனக்கு வாரம் மூணு நாள் ஆபீஸ். அந்த மூணு நாளும் மனைவிதான்.

நிலாமுற்றம்:
மிச்சம் நாலு நாள்?

பொள்ளாச்சிக்காரன்:
ஞாயித்துக்கிழமை நான். மாவு மட்டும் அவங்க ஆட்டி வெச்சிடுவாங்க.