உகாண்டா கிராமத்து பசங்களுக்கு ஆன்லைன்ல சம்பாதிக்க சொல்லித்தரணும், எங்கருந்து ஆரம்பிக்கிறது?

செல்வி_கொருக்குப்பேட்டை:
வணக்கம். நான் வீட்லயே டிடிபி, டேட்டா என்ட்ரி ஜாப் ஒர்க் எடுத்து பண்றேன், சாயங்காலம் நம்ம ஏரியா பசங்களுக்கு கம்ப்யூட்டர் சொல்லித்தரேன். என் அத்தை பொண்ணு சிஸ்டரா போயி இப்போ வடக்கு உகாண்டால, குலு டவுன்லருந்து உள்ள தள்ளி ஒரு கிராமத்துல இருக்கா. அங்க ஸ்கூல் முடிச்சிட்டு சும்மா இருக்கிற பசங்க பொண்ணுங்க நெறைய பேராம், நீதான் நெட்ல சம்பாதிக்கிறியே, வாட்ஸ்அப்ல க்ளாஸ் எடுடின்னு ஒரே நச்சு. லேப்டாப் ரெண்டே ரெண்டு, பாதி பேர்கிட்ட பட்டன் போன், கரண்டு சோலார்தான். ஆனா இங்கிலீஷ் நல்லா பேசுவாங்களாம், ஸ்கூல்லயே அதுதானாம். ஃப்ரீலான்ஸ் சைட்ல அக்கவுன்ட் போடுறதுல ஆரம்பிக்கவா, இல்ல டைப்பிங்கா?

ஹார்பர்_மணி:
ரெண்டும் வேணாம் தங்கச்சி, மொதல்ல துட்டு எப்டி கைக்கு வரும்னு பாரு. நான் ஷிப்பிங் வேலையா மொம்பாசால இருந்தவன், அங்க கென்யால எம்பெசான்னு ஒண்ணு 2007லயே வந்துச்சு, நம்ம ஊர்ல யுபிஐ வந்தது 2016ல, அப்டின்னா பாத்துக்க. பட்டன் போன்லயே காசு போவும் வரும், காய்கறிக்காரம்மா வரைக்கும் அதான். உகாண்டாலயும் மொபைல் மணி இருக்கு, அந்த பசங்க அதுல உன்ன விட கில்லாடியா இருப்பாங்க, அத நீ சொல்லித்தர வேணாம். ஆனா வெளிநாட்டு கஸ்டமர் டாலர்ல குடுக்கறது அந்த போனுக்குள்ள எப்டி வந்து சேரும்ங்கறதுதான் மேட்டரு. கென்யால பேபால்னு வெளிநாட்டு காசு வாங்குற நெட் கணக்குலருந்து எம்பெசாக்கு எடுத்துக்கலாம், அதே வழி உகாண்டால இருக்கும்னு நெனச்சிக்காத, நாட்டுக்கு நாடு மாறும். வேலைய முட்ச்சிட்டு காசு வெளிய எடுக்க முடியலன்னா ஒருத்தனும் மறுபடி க்ளாஸ் பக்கம் வரமாட்டான்.

அப்புறம் டேட்டா. 2018ல உகாண்டால வாட்ஸ்அப் யூஸ் பண்ணவே ஒரு நாளைக்கு 200 ஷில்லிங்னு வரி போட்டாங்க, 2021ல அத தூக்கிட்டு நெட் பேக் மேல 12 பர்சென்ட்டு. அதனால வீடியோ கால்ல க்ளாஸ்லாம் பேஜாரு, சின்ன சின்ன வாய்ஸ் நோட்டா அனுப்பு.

பெரம்பூர்_ஜீவா:
அண்ணன் சொல்றது கரெக்ட். இன்னொண்ணு, ஏஐ கத்துக்கறதுக்காக படத்துல எது என்னன்னு கோடு போட்டு குடுக்கிற வேலை இருக்கே, யாராவது அதான் ஈஸின்னு சொல்வாங்க. சாமா (Sama) அப்டின்னு ஒரு கம்பெனி குலுவுலயே அந்த வேலைக்கு ஆபீஸ் போட்டிருந்துச்சு, ஒங்க பசங்களே கேள்விப்பட்டிருக்கலாம். அதே கம்பெனி மூலமா கென்யால சாட்ஜிபிடிக்காக அசிங்கமான டெக்ஸ்டெல்லாம் படிச்சி பிரிச்சவங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு 2 டாலருக்கும் கம்மின்னு 2023ல டைம் பத்திரிகைல வந்துச்சு. ரிமோடாஸ்க்ஸ்னு இதே மாதிரி வேலை குடுக்கிற இன்னொரு சைட்ட 2024 மார்ச்ல கென்யால திடீர்னு மூடிட்டான், அத நம்பி இருந்தவங்க அப்டியே நின்னாங்க. பண்ணாதீங்கன்னு சொல்லல, ஒரே கம்பெனிய நம்பி உக்கார விடாதீங்க.

அப்வொர்க் மாதிரி ஃப்ரீலான்ஸ் சைட்லாம் 18 வயசு ஆகணும், அப்ளை பண்றதுக்கே கனெக்ட்ஸ்னு டோக்கன் மாதிரி ஒண்ண காசு குடுத்து வாங்க வேண்டி வரும், புதுசா வர்றவனுக்கு அது தண்ட செலவு. என் ஐடியா, மொத கஸ்டமர் குலு டவுன்லயே பிடிக்கட்டும். கடைக்கு போஸ்டர், கல்யாண பத்திரிகை, ஹோட்டல் மெனு, கூகுள் மேப்ல கடைய ஏத்துறது. கேன்வான்னு டிசைன் பண்ற ஆப் போன்லயே ஓடும். பத்து வேலை முடிச்ச சாம்பிள் கைல இருந்தா அதுக்கப்புறம் வெளிநாடு.

வியாசை_பாத்திமா:
மொத க்ளாஸே ஏமாத்து வேலை பத்தி எடுங்க அக்கா. எங்க தெருவுல ஒரு பொண்ணு டெலிகிராம்ல ஹோட்டலுக்கு ஸ்டார் போட்டா காசுன்னு நம்பி, மொதல்ல கொஞ்சம் குடுத்தான், அப்புறம் டெபாசிட் கட்டு கட்டுன்னு சொல்லி நகை வெச்ச காசு வரைக்கும் போயிடுச்சு. இதே டைப் மோசடி ஆப்பிரிக்கா பக்கமும் சுத்துது. வேலைக்கு முன்னாடி காசு கேட்டா வேலையே இல்லன்னு மண்டைல ஏத்துங்க. வெளிநாட்டு ஸ்டூடன்ட்டுக்கு கட்டுரை எழுதி குடுக்கற வேலையும் வரும், கென்யால அது பெரிய பொழப்பாவே ஓடுது, காசு வரும்தான் ஆனா எனக்கு மனசு ஒப்பல, எடுக்கறதும் விடறதும் அவங்க இஷ்டம்.

கென்யால துர்கானா ஏரி ஓரமா, ஒண்ணுமில்லாத வறண்ட எடத்துல லேர்னிங் லயன்ஸ்னு ஒரு அமைப்பு, பசங்களுக்கு நெட்ல வேலை பாத்து சம்பாதிக்க சொல்லித்தராங்க. அவங்க கேம்பஸ்ல கரையான் புத்து மாதிரி டவர் வெச்சு ஏசி இல்லாமலே உள்ள சில்லுனு வெச்சிருக்காங்க, 2022ல கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு வாங்குன பிரான்சிஸ் கேரேதான் டிசைன் பண்ணாரு. தேடி பாருங்க, செமயா இருக்கும்.

செல்வி_கொருக்குப்பேட்டை:
ரொம்ப தேங்க்ஸ் எல்லாருக்கும். மணி அண்ணா, காசு எடுக்குற வழிய மொதல்ல சிஸ்டர விட்டே ஒரு சின்ன தொகை வெச்சு டெஸ்ட் பண்ண சொல்லிட்டேன். பாத்திமா, ஒங்க தெரு கதைய பேர் சொல்லாம க்ளாஸ்ல சொல்லிக்கவா? அவங்களுக்கு ராத்திரி 8 மணின்னா நமக்கு பத்தரை, அதுக்குள்ள வீட்ல எல்லாரும் தூங்கிடுவாங்க, நிம்மதியா வாய்ஸ் நோட் போடலாம். நெட் இல்லாம பாடம் வெச்சுக்க ஏதாச்சும் இருக்கா? இங்கருந்து ஒருத்தங்க போறாங்க, பர்மா பஜார்ல பென்ட்ரைவ் வாங்கி குடுத்து விடலாம்.

பெரம்பூர்_ஜீவா:
கோலிப்ரின்னு பாடம் வெச்சுக்கற சாஃப்ட்வேர் இருக்குக்கா, ஃப்ரீதான். ஒரு லேப்டாப்ல ஏத்திட்டா பக்கத்துல இருக்கிற போன்லாம் வைஃபைல அதுலருந்தே பாடம் பாத்துக்கலாம், நெட்டே வேணாம். பாடத்த இங்கயே டவுன்லோட் பண்ணி பென்ட்ரைவ்ல போட்டு அனுப்பிடுங்க. பஜார்ல வாங்குறீங்கன்னா கடைலயே முழுசா காப்பி பண்ணி பாத்துட்டு காசு குடுங்க, 64 ஜிபின்னு எழுதியிருக்கும், உள்ள 8 கூட இருக்காது.