மானுக்கும் மூஸுக்கும் ஒரே துவக்கு காணுமா?

கேள்வி: ஒன்ராறியோவில இருக்கிறன். துவக்கு லைசென்ஸ் இப்பதான் வந்தது. வெள்ளைவால் மானுக்கும் மூஸுக்கும் (மான் இனத்திலயே பெரிசு) ஒரு ரைபிள் வாங்கத்தான் காசு இருக்கு. எந்தத் தோட்டா வகை நல்லம், .308ஆ, .30-06ஆ? கடைக்காரர் இன்னும் பலமான .300 மேக்னத்தை எடு எண்டு நிக்கிறார்.

பதில்: மேக்னம் வேண்டாம் தம்பி. நான் முதல் வாங்கினது அதுதான். தோளில உதைக்கும் எண்ட பயத்தில விசையை இழுக்கேக்கை கண்ணை மூடிப் பழகிட்டன். 80 யாரில சும்மா நிண்ட மானையே தவறவிட்டன்! வித்துப்போட்டு .308 எடுத்தன். மானுக்கு 150 கிரெய்ன் எடையுள்ள குண்டு, மூஸுக்கு 180. .30-06க்கும் அதே 0.308 அங்குலக் குண்டுதான். வெடிமருந்து கூடப் பிடிக்கும், செக்கனுக்கு 100 அடி மட்டில வேகம் கூட. அடர்காட்டுக்குள்ள அதால பெரிசா என்ன? குண்டின்ர எடையை மாத்தினா ஸ்கோப்பை (குறிபார்க்கிற கண்ணாடி) சுட்டுப் பார்த்துத் திரும்பச் சரிசெய். என்ர துவக்கில 180 மூண்டு விரல் கீழ விழுந்தது.

இன்னொருவர்: .270ஐயும் யோசியுங்கோ. 1925இல இருந்து இருக்கு, உதைப்பும் .30-06ஐ விடக் கொஞ்சம் குறைவு. மூஸுக்கு உடையாத நல்ல குண்டா எடுங்கோ.

கேட்டவர்: நன்றி அண்ணை. .308 தான். முயலுக்கும் சரிவருமோ?

பதில்: சுட்டா கறிதான் மிஞ்சாது. அதுக்கு ஒரு சின்ன .22 துவக்கு வாங்கு.