நார்வே துப்பறியும் நாவல் ஒண்ணு பாதில நிக்குது, மேல படிக்கலாமா?

தண்டையார்பேட்டை தனா:
மக்களே ஒரு ஹெல்ப். மூர் மார்க்கெட்ல பழைய புக்கு கெளறும்போது 'வேர் ரோசஸ் நெவர் டை'ன்னு ஒரு நார்வே க்ரைம் நாவல் இங்கிலீஷ்ல மாட்டுச்சு, குன்னார் ஸ்டோலெசன் எழுதுனது, ஹீரோ வார்க் வேயும்னு ஒரு ப்ரைவேட் டிடெக்டிவ். இதுவரைக்கும் நான் படிச்ச அந்தப் பக்கத்து கதையெல்லாம் போலீஸ்காரன் கதை தான், வாலாண்டர், ஹாரி ஹோலே அந்த மாதிரி. டிடெக்டிவ்னு பாத்ததும் நம்ம பரத்-சுசீலா, நரேன்-வைஜயந்தி ரேஞ்சுல ஜாலியா போவும்னு நம்பி ஒக்காந்தா, ஆரம்பத்துல ஒரு நகைக்கடை கொள்ளை, அதோட சரி, அப்புறம் மனுஷன் ஒவ்வொரு வீடா போறான், பெல் அடிக்கறான், ஒக்காந்து பேசறான், வெளிய வந்து இன்னொரு வீட்டுக்கு போறான். பேஜாரா கீது. மேல போலாமா வேணாமா? சீரிஸ்ல நடுவுல வர்ற புக்காம் இது, மொதல்ல இருந்து படிக்கணுமா? முடிவ மட்டும் யாரும் சொல்லிடாதீங்கப்பா.

ராயபுரம் ரீடர்:
கண்டிப்பா முடிங்க தல. அந்த வீடு வீடா போறது தான் கதையே. 1977ல மூணு வயசு கொழந்த வீட்டு வாசல்ல மணல்ல வெளையாடிட்டு இருந்தது காணாம போவுது, போலீஸ் தேடித் தேடி கைய விரிச்சிட்டாங்க, இருபத்தஞ்சு வருஷம் ஆவப் போவுது, கொழந்தையோட அம்மா கடைசியா இவன் கிட்ட வந்து நிக்கறாங்க. இதையே போலீஸ் ஹீரோ வச்சு எழுதியிருந்தா லேப் ரிப்போர்ட், டீம் மீட்டிங், மேலதிகாரி கிட்ட திட்டு வாங்கறதுன்னு போயிருக்கும். இவன் கைல வாரண்டும் இல்ல ஒண்ணும் இல்ல, மூஞ்சில கதவ சாத்துனா திரும்பி வர வேண்டியது தான், அதனால பேச வச்சே ஆவணும். யார் எந்த கேள்விக்கு பேச்ச மாத்தறாங்கன்னு கவனிச்சிட்டே போங்க.

இன்னொண்ணு, வேயும் டிடெக்டிவ் ஆவறதுக்கு முன்னாடி அரசாங்கத்துல கொழந்தைங்க பாதுகாப்பு டிபார்ட்மெண்ட்ல வேல பாத்தவன். பொறந்ததுல இருந்து சாவற வரைக்கும் கவர்மெண்ட் பாத்துக்கும்னு ஜனங்க நம்பற நாடு, அந்த நம்பிக்கைல எங்க ஓட்டைன்னு உள்ள இருந்தே பாத்துட்டு வெளிய வந்த ஆளு. ஃபைல மூடுனதுக்கு அப்புறம் மிச்சம் நிக்கறவங்க தான் இவன் கிளையண்ட். போலீஸ்காரன் ஹீரோவா இருந்தா எவ்ளோ தான் சிஸ்டத்த திட்டுனாலும் மாசம் பொறந்தா சம்பளம் அங்கேந்து தான, இவனுக்கு அது இல்ல. ஸ்வீடன்ல ஷோவால், வாலூன்னு ஒரு ஜோடி 1965ல இருந்து 1975 வரைக்கும் பத்து நாவல் எழுதி அந்த நாட்டையே கேள்வி கேட்டாங்க, ஆனா மார்ட்டின் பெக்ன்ற போலீஸ வச்சு. ஸ்டோலெசன் 1977ல வேயும ஆரம்பிச்சப்ப அமெரிக்கா ஸ்டைல் தனியாள் டிடெக்டிவ கொண்டாந்து நார்வேல இருக்கற பெர்கன் ஊரு மழைல நிக்க வச்சிட்டாரு. அங்க வருஷத்துல 200 நாளுக்கு மேல மழை! ஹார்பர், மீன் மார்க்கெட், சுத்தி மலைங்க, மலைய மட்டும் கழிச்சிட்டா எனக்கு நம்ம ஏரியா மாதிரியே தோணும். ஹார்பர் ஓரம் அவன் ஆபீஸ் இருக்கறதா சொல்ற தெருவுல அவனுக்கு செலையே வச்சிருக்காங்க, கற்பனை ஆளுக்கு. நம்மூர்ல செலைக்கா பஞ்சம், தமிழ்வாணனோட சங்கர்லாலுக்கு ஒண்ணு வச்சா கொறஞ்சா போயிடும்?

வரிசையெல்லாம் பாக்காதீங்க, எல்லா புக்கும் இங்கிலீஷ்ல வரவும் இல்ல. ஒண்ணு மட்டும், புக்குக்கு புக்கு அவனுக்கு வயசாவும், இதுல குடிச்சு சீரழிஞ்சு கெடக்கான்னா அதுக்கு காரணம் முன்னாடி நடந்தது, அது தெரியலன்னாலும் கதை புரியும். பழசு வேணும்னா 1979ல வந்த 'யுவர்ஸ் அண்டில் டெத்' படிங்க.

வியாசர்பாடி வேலு:
எனக்கு செட் ஆவல. எழுத்து நல்லா தான் இருக்கு, இல்லங்கல. ஆனா ஏன்பா அந்த ஊர்ல ஒரு துப்பறியறவன் கூட ஒழுங்கா தூங்கி எழுந்து சாப்ட்டு வேலைக்கு போவ மாட்டானா? எல்லாவனும் டைவர்ஸ், எல்லாவனும் பாட்டில். வேயும் அக்வாவிட்னு அந்த ஊரு சரக்க ஊத்த ஆரம்பிச்சா நான் பக்கத்த தள்ளிடுவேன், எங்க தெருவுல இத ஓசிலயே பாக்கறேன்.

புதுவண்ணை புவனா:
வேலு தம்பி சொல்றது கரெக்டு தான், ஆனா இந்த புக்குல குடி சும்மா ஸ்டைலுக்கு வரல. கைநடுக்கத்தோட ஒரு வேலைய ஒத்துக்கிட்டு, அந்தம்மா முன்னாடி தெளிவா ஒக்காரணுமேன்னு பாடுபடுறான் பாரு, எனக்கு அது புடிச்சுது. அப்புறம் அந்த வீட்டுக்காரங்க எல்லாம் ஒருத்தர ஒருத்தர் நல்லா தெரிஞ்சவங்க. ஒரே காம்பவுண்டுல குடியிருந்தவங்களுக்கு தெரியும், எந்த வீட்ல எப்ப சண்டைன்னு எல்லாருக்கும் தெரியும், வெளியாள் வந்து கேட்டா மட்டும் யாருக்கும் ஒண்ணும் தெரியாது.

பாரீஸ் கார்னர் குமாஸ்தா:
வக்கீல் ஆபீஸ்ல வேல பாக்கறவன்ற மொறைல ஒண்ணு. அந்தம்மா ஏன் அவ்ளோ அவசரப்படுறாங்கன்னா நார்வேல அப்ப கொலைக்கே காலக்கெடு இருந்தது, 25 வருஷம் தாண்டுனா குத்தவாளியே வந்து ஒத்துக்கிட்டாலும் கேஸ் போட முடியாது. 2014ல தான் அத தூக்குனாங்க. நம்ம நாட்ல மூணு வருஷத்துக்கு மேல தண்டனை உள்ள குத்தத்துக்கு காலக்கெடுவே கெடயாது, கிரிமினல் கேஸ் நடத்தற சட்டம், பழைய சிஆர்பிசில 468வது பிரிவு, இப்ப அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ்எஸ்ல 514. அதனால இதே கதைய கொருக்குப்பேட்டைல வச்சு எழுதுனா அந்த கடிகாரம் ஓடாது, ஆசிரியர் வேற எதாவது தான் புடிக்கணும்.

டிடெக்டிவ் கதையும் அப்படித்தான். இங்க அதுக்குன்னு லைசன்ஸ் சட்டமே இல்ல, 2007ல ராஜ்யசபால ஒரு மசோதா வந்துச்சு, சட்டமா ஆவல. எனக்கு தெரிஞ்சவங்க பாக்கற வேல முக்காவாசி, மாப்ளைக்கு நெஜமாவே வேல இருக்கா, சாயங்காலம் எங்க போறான்றது தான். அதையே ஒருத்தர் ஒழுங்கா எழுதுனா நம்ம வேயும் ரெடி.

தண்டையார்பேட்டை தனா:
குமாஸ்தா அண்ணாத்த, இத மொதல்லயே யாராவது சொல்லிருந்தா அந்தம்மா தேதிய பத்தி பேசற எடத்துல நான் கொட்டாவி விட்ருக்க மாட்டேன். இன்னிக்கு நைட் திரும்ப எடுக்கறேன். ராயபுரம் ப்ரோ, அந்த 1979 புக்கு உங்க கிட்ட இருந்தா குடுங்களேன், கல்மண்டபம் வந்து வாங்கிக்கறேன்.

ராயபுரம் ரீடர்:
இருக்கு, தரேன். பக்கத்து ஓரத்த மடிக்கற பழக்கம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க.