சிறு டிராக்டரில் உழும்போது சக்கரம் நின்ற இடத்திலேயே சுழல்கிறது: பிடிமானத்தைக் கூட்ட என்ன செய்யலாம்?

கரிசல்காட்டான் (திருமங்கலம் வட்டாரம்)

அனைவருக்கும் வணக்கம். திருமங்கலத்திலிருந்து கள்ளிக்குடி செல்லும் வழியில் எங்களுக்கு நான்கு ஏக்கர் நிலம் இருக்கிறது. இரண்டரை ஏக்கர் கரிசல், மானாவாரிப் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறோம். மீதி செம்மண்ணில் முருங்கையும் மல்லிகையும் உள்ளன. செடி வரிசைகளுக்குள் நுழைய வேண்டும் என்பதற்காகவே 27 எச்.பி. திறனுள்ள, நான்கு சக்கரமும் இழுக்கும் சிறு டிராக்டர் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். பின் டயர் 8.3-24 அளவு.

செம்மண்ணில் ரோட்டாவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. கரிசலில் 9 கொத்துகள் (மண்ணைக் கீறும் இரும்புக் கால்கள்) உள்ள கலப்பையை இறக்கினால்தான் பின்சக்கரம் சுழன்று பள்ளம் பறிக்கிறது, முன்பக்கம் எடையிழந்து ஸ்டீயரிங் பிடிப்பில்லாமல் போகிறது. இன்ஜின் திணறவில்லை என்பதால் சக்தி போதவில்லை என்று சொல்ல முடியவில்லை. புரட்டாசிப் பட்டத்துக்குள் இதைச் சரிசெய்ய வேண்டும். டயரில் தண்ணீர் நிரப்பச் சிலர் சொல்கிறார்கள், முன்பக்கம் இரும்பு எடை மாட்டச் சிலர் சொல்கிறார்கள். எதை முதலில் செய்வது?

வாய்க்கால்கரை (மேலூர்)

வணக்கம் ஐயா. எதையும் மாட்டுவதற்கு முன் சறுக்கல் எவ்வளவு என்று அளந்துவிடுங்கள். பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, கலப்பையைத் தூக்கிய நிலையில் சக்கரம் பத்துச் சுற்று சுற்றும்வரை ஓட்டி, கடந்த தூரத்தை நாடாவால் அளக்க வேண்டும். பிறகு அதே வயலில், அதே கியரில், கலப்பையை வழக்கமான ஆழத்துக்கு இறக்கி மீண்டும் பத்துச் சுற்று ஓட்டி அளக்க வேண்டும். இரண்டாவது தூரம் முதல் தூரத்தைவிட நூற்றுக்கு எத்தனை பங்கு குறைகிறதோ அதுவே சறுக்கல். 8 முதல் 15 விழுக்காடு வரை இருப்பது நல்லது. அதற்கு மேலே போனால் டீசலும் டயரும் வீண். அதற்குக் கீழே இருந்தால் வண்டி தேவைக்கு மேல் கனமாக இருக்கிறது என்று பொருள்.

நாடா கையில் இல்லாவிட்டால் டயர் விட்டுச்சென்ற தடத்தைப் பாருங்கள். தடத்தின் நடுப்பகுதி சற்றே குழம்பியும் ஓரங்கள் தெளிவாகவும் இருந்தால் சறுக்கல் அளவோடு இருக்கிறது. தடமே அழிந்திருந்தால் சக்கரம் வீணாகச் சுழல்கிறது. டயரின் மேல் எழும்பியிருக்கும் ரப்பர் பட்டைகளின் அச்சு வார்த்ததுபோல் அப்படியே பதிந்திருந்தால் எடை அதிகம்.

சறுக்கல் அதிகமாக இருந்தால், வால்வை உச்சியில் நிறுத்தி, அந்த மட்டம் வரை தண்ணீர் நிரப்புங்கள். டயரின் கொள்ளளவில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிறையும். உங்கள் அளவு டயருக்கு ஒவ்வொன்றிலும் 60 லிட்டர் அளவுக்குப் பிடிக்கும், இரண்டும் சேர்ந்து 120 கிலோ எடை கூடும். குளிர்நாடுகளில் தண்ணீர் உறைந்துவிடாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு கலக்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு அந்தக் கவலை கிடையாது. உப்புக் கிணற்றுத் தண்ணீரை மட்டும் தவிர்த்துவிடுங்கள், டியூப் கசிந்தால் ரிம் துருப்பிடித்துவிடும்.

பட்டறைவாசல் (உசிலம்பட்டி)

மேலூர் நண்பர் சொன்ன அளவு முறை சரியானது. ஆனால் தண்ணீரை இரண்டாவது படியாக வைத்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. என் பட்டறைக்கு வரும் சிறு டிராக்டர்களில் பாதிக்கு மேல் எடைக்குறைவால் திணறுவதில்லை, கலப்பை மாட்டியிருக்கும் விதத்தால்தான் திணறுகின்றன.

முதலில், கரிசலில் 27 எச்.பி.க்கு 9 கொத்து அதிகம். ஓரத்தில் உள்ள இரண்டு கொத்துகளைக் கழற்றி ஏழாக்குங்கள், மண் இறுகியிருந்தால் ஐந்தே போதும். ஆழத்தைக் கூட்டக் கூட்ட இழுவை அதே விகிதத்தில் நிற்காமல் அதற்கு மேல் ஏறும். ஆகவே ஒரே ஓட்டத்தில் ஆழமாகப் போவதைவிட இரண்டு ஓட்டமாகப் போவது டிராக்டருக்கு இலகு. கொத்துகளின் நுனியில் மண்ணைக் கீறும் கொழுமுனைகளையும் பாருங்கள். மொட்டையான கொழு மண்ணில் இறங்காது, இறங்காத கலப்பையை இறக்கச் சிலர் மேலே கல்லைக் கட்டுவார்கள், அதுவும் இழுவையாகவே திரும்பி வரும்.

அடுத்தது டாப் லிங்க், அதாவது கலப்பையின் மேற்பகுதியை டிராக்டரோடு இணைக்கும் தண்டு. கலப்பை வேலை செய்யும் ஆழத்தில் இருக்கும்போது பக்கவாட்டில் நின்று பார்த்தால் சட்டம் மட்டமாக இருக்க வேண்டும். டாப் லிங்க் குட்டையாக இருந்தால் முன்வரிசைக் கொத்துகள் மூக்கைக் குத்திக்கொண்டு போகும், நீளமாக இருந்தால் பின்வரிசை மட்டும் கீறும்.

மிக முக்கியமானது கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் லீவர். உங்கள் வண்டியில் டிராஃப்ட் கண்ட்ரோல் இருந்தால் உழவின்போது அதில்தான் ஓட்ட வேண்டும். மண் இறுகி இழுவை கூடும் இடத்தில் அது கலப்பையைச் சற்றே தூக்கும். தூக்கும் அந்தக் கணத்தில் கலப்பையின் எடையும், அதன்மேல் உள்ள மண்ணின் அழுத்தமும் பின்சக்கரத்தின் மேல் வந்து விழுகின்றன. எடை குறைந்த டிராக்டரையும் உழவுக்கு உதவ வைத்தது இந்த ஏற்பாடுதான். ஹாரி பெர்குசன் இதை உருவாக்கினார், 1939-இல் வந்த போர்டு 9என் டிராக்டர் வழியாக அது பரவியது. கலப்பையில் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் சக்கரம் பொருத்தியிருந்தால், டிராக்டருக்குச் சேர வேண்டிய எடையை அந்தச் சக்கரம் பங்குபோட்டுக்கொள்ளும் என்பதையும் கவனியுங்கள். சில சிறு வண்டிகளில் கலப்பையை வைத்த உயரத்திலேயே நிறுத்தும் பொசிஷன் கண்ட்ரோல் மட்டும் இருக்கும், அவற்றில் ஓட்டுநரின் கைதான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

இவ்வளவும் சரியான பிறகு காற்று. டிரெய்லர் இழுப்பதற்காக ஏற்றிய காற்றோடு வயலில் இறங்குகிறார்கள். டயர் நிறுவனத்தின் அட்டவணை உங்கள் எடைக்கு அனுமதிக்கும் குறைந்த அளவுக்கு இறக்கினால் தரையில் படியும் நீளம் கூடும், செலவே இல்லாத பிடிமானம் அதுதான். அதற்குப் பிறகும் முன்பக்கம் தூக்கினால் முன்பக்க எடையை மாட்டுங்கள். முன்சக்கரம் தரையில் அழுந்தாவிட்டால் நான்கு சக்கர இயக்கம் இருந்தும் பயன் இல்லை. தண்ணீர் கடைசி, ஏனென்றால் இரும்பைப்போல் அதை நினைத்தபோது கழற்ற முடியாது.

ஓர் எச்சரிக்கை. சிக்கிய வண்டியையோ மரக்கட்டையையோ இழுக்கும்போது சங்கிலியை டாப் லிங்க் இடத்தில் மாட்டவே கூடாது. பின் அச்சுக்கு மேலே இழுவை விழுந்தால் டிராக்டர் பின்புறமாகக் கவிழும்.

கரிசல்காட்டான்

இருவருக்கும் மிக்க நன்றி. அளந்து பார்த்தேன். தூக்கிய நிலையில் பத்துச் சுற்றுக்கு 30 மீட்டர், உழும்போது 21.6 மீட்டர், ஆகவே 28 விழுக்காடு சறுக்கல். டயரில் காற்றழுத்தம் 26 பி.எஸ்.ஐ. இருந்தது. வெட்கத்துடன் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அளக்கக் குனிந்தபோதுதான், இடது பின் டயரின் பட்டைகள் வலது டயருக்கு எதிர்த்திசையில் இருப்பதைக் கவனித்தேன். சில மாதங்களுக்கு முன் சாலையோரக் கடை ஒன்றில் பஞ்சர் ஒட்டியபோது திருப்பி மாட்டியிருக்கிறார்கள், நானும் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

பட்டறைவாசல்

அப்படியானால் முதலில் அதைத் திருப்புங்கள். பட்டைகள் கூடும் கூர்முனைதான் தரையை முதலில் தொட வேண்டும், டயரின் பக்கவாட்டில் சுழலும் திசைக்கான அம்புக்குறி இருக்கும். தலைகீழாக மாட்டிய டயர் மண்ணை ஓரங்களுக்குத் தள்ளாமல் நடுவில் சேர்த்து அடைத்துக்கொள்ளும், ஈரக் கரிசலில் அது வழவழப்பான உருளையாகிவிடும். டயரை மாற்ற நேர்ந்தால் முன்டயரின் அளவை உங்கள் விருப்பத்துக்கு மாற்றாதீர்கள். நான்கு சக்கர இயக்கத்தில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடச் சிறிதே வேகமாகச் சுழலும்படி பல்சக்கரங்களைக் கணக்கிட்டிருக்கிறார்கள், அளவு மாறினால் அந்தக் கணக்குக் கெட்டுவிடும். தார்ச்சாலையில் ஏறியதும் முன்சக்கர இயக்கத்தை விடுவித்துவிட வேண்டும் என்பதும் இதனால்தான்.

தென்னந்தோப்பு (வாடிப்பட்டி)

இடையில் ஒரு சொல். ரோட்டாவேட்டரில் குறை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அதன் கத்திகள் டிராக்டரை முன்னோக்கித் தள்ளுவதால் அங்கே பிடிமானம் அதிகம் தேவைப்படுவதில்லை. ஆகவே உழவுக்காக மாட்டும் எடையை மல்லிகை வரிசைக்குள் போகும்போது கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் வேர்ப்பகுதி மண் இறுகும். அடிமண் ஏற்கெனவே இறுகியிருந்தால் உளிக்கலப்பையை இந்த வண்டியில் முயல வேண்டாம். வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகைத் திட்டத்தில் பெரிய டிராக்டரை எடுத்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டுவது போதும். கரிசல் ஒட்டும் பதத்தில் இருக்கும்போது எந்த எடையும் உதவாது. ஒரு பிடி மண்ணை உருட்டிப் பார்த்து, கையில் ஒட்டாமல் உதிர்ந்தால் மட்டும் இறங்குங்கள்.

கரிசல்காட்டான்

டயரைத் திருப்பி மாட்டி, காற்றை 14-க்கு இறக்கி, ஏழு கொத்தோடு டிராஃப்ட் லீவரில் ஓட்டினேன். பத்துச் சுற்றுக்கு 26.1 மீட்டர், சறுக்கல் 13 விழுக்காடு. வரப்போரத்தில் திரும்பும் இடத்தில் மட்டும் முன்பக்கம் இன்னும் லேசாகத் தூக்குகிறது. அதற்கு முன்பக்க எடை இரண்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன், தண்ணீர் இப்போதைக்கு வேண்டாம்.

வாய்க்கால்கரை

13 என்றால் தண்ணீர் தேவையில்லை, என் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். முன்எடை வந்ததும் மறுபடி ஒருமுறை அளந்து எழுதுங்கள்.