முப்பது டொலருக்கு வெட்டுகிறார்களாம்

குழு: எங்கட வீட்டார்
2025 செப்டெம்பர் 28, ஞாயிறு, மாலை 7:42

நான்: எல்லோரும் இருக்கிறீர்களா? ஒரு விஷயம் கேட்க வேண்டும்.

நான்: இங்கே சிட்னியில், பெண்டில் ஹில்லில் ஒன்பது வருடமாக நான் புல் வெட்டும் ஒரு வெள்ளைக்கார அம்மா இருக்கிறார், தெரியும்தானே. இன்றைக்கு மெசேஜ் போட்டிருக்கிறார். தபால்பெட்டியில் யாரோ விளம்பரத் துண்டு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்களாம். முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து 30 டொலர். என்னைக் கைவிட விருப்பமில்லையாம், ஆனால் நான் வாங்கும் 55க்கும் 30க்கும் வித்தியாசம் பெரிது, குறைக்க முடியுமா என்று கேட்கிறார்.

நான்: இந்த மாதம் இப்படிக் கேட்கும் மூன்றாவது ஆள். புல் எழும்புகிற காலம் இப்போதுதான் தொடங்குகிறது. இப்போது ஒரு வீடு போனால் மார்ச் வரைக்கும் போனதுதான். 40க்கு இறங்கலாமா என்று யோசிக்கிறேன்.

பெரியக்கா: இறங்காதே.

சின்னக்கா: ஏன் அக்கா? ஒன்பது வருடப் பழக்கம். 40க்கு இறங்கினால் 15தான் நட்டம். ஆள் போனால் 55ம் நட்டம்.

நான்: அதைத்தான் நானும் யோசித்தேன் சின்னக்கா.

தம்பி (மெல்பேர்ன்): அண்ணா, நான் கிளீனிங்கில் அப்படித்தான் மாட்டினேன். ஒரு ஒப்பீஸுக்குக் குறைத்தேன். ஆறு மாதத்தில் இன்னும் குறைக்கச் சொன்னார்கள். ஒருமுறை குறைத்தால் முன்பு வாங்கியது கூடுதல் விலை என்று நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது.

அத்தான்: அந்தத் தெருவில் உனக்கு எத்தனை வீடு?

நான்: நாலு.

அத்தான்: நாலு பேரும் வேலிக்கு மேலால் கதைக்கிறவர்கள். ஒருவருக்கு 40 என்றால் அடுத்த கிழமை நாலு பேருக்கும் 40. சரி, விலையை விடு. ஒரு நாள் கணக்கை எழுதி அனுப்பு. எத்தனை மணிக்கு வெளிக்கிட்டாய், எத்தனை மணிக்கு வந்தாய், எத்தனை வீடு, என்ன செலவு. ஒன்றும் விடாமல் எழுது.

8:15

நான்: போன வியாழன் கணக்கு. காலை 7 மணிக்கு டூங்காபியில் வெளிக்கிட்டேன், பின்னேரம் 4.30க்கு வீடு. ஒன்பதரை மணித்தியாலம். ஏழு வீடு: பென்ரித்தில் 2, பெண்டில் ஹில்லில் 2, காசில் ஹில்லில் 1, ஹோம்புஷில் 2. மெஷினை இறக்கி, வெட்டி, ஓரம் எடுத்து, ஊதித் துப்புரவாக்கி, திரும்ப ஏற்ற ஒரு வீட்டுக்கு 50 நிமிடம். ஏழு வீட்டுக்கும் 350 நிமிடம். ஓட்டம் மட்டும் 160 நிமிடம். வெட்டிய புல்லைக் கொண்டுபோய்க் கொட்ட 40. சாப்பாட்டுக்கு 20.

வரவு 385. செலவு: வான் பெற்றோல் 28, மெஷின்களுக்கு 9, பிளேட், நைலோன் கயிறு, சர்வீஸ், பழுதானால் புதிது வாங்க ஒதுக்குவது எல்லாம் 22, கொட்டுகிற இடத்துக்கு 20. ரெஜோ (வான் பதிவுக் காசு), வான் காப்புறுதி, வேலைக் காப்புறுதி, போன் இதையெல்லாம் நாளுக்குப் பிரித்தால் 38. மொத்தம் 117. மிச்சம் 268.

மருமகன்: மாமா, 268ஐ ஒன்பதரையால் பிரித்தால் மணிக்கு 28.21.

அத்தான்: வரி கட்டுவதற்கு முன்பு. சுப்பர் என்கிற ஓய்வுகாலச் சேமிப்பும் இல்லை, சுகவீன லீவும் இல்லை.

மருமகன்: இந்த ஜூலையிலிருந்து சட்டப்படி ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 24.95. நிரந்தரமில்லாத கஷுவல் வேலை என்றால் 25 வீதம் கூட, 31.19. அதற்குமேல் முதலாளி 12 வீதம் சுப்பர் கட்ட வேண்டும். கடையில் தட்டு அடுக்கும் என் சிநேகிதனுக்குக்கூட உங்களை விடக் கூட வருகிறது மாமா.

பெரியக்கா: 55க்கேவா?

மருமகன்: ஓம் அம்மா, 55க்கே. எல்லா வீட்டுக்கும் 40 என்றால் மணிக்கு 17.16. 30 என்றால் 9.79.

சின்னக்கா: நான் சொன்னதை விடுங்கள். 15தான் நட்டம் என்று நினைத்தேன். செலவு அப்படியே நிற்கும், குறைவது முழுக்க இவனுடைய கூலியில் என்று யோசிக்கவில்லை.

நான்: பன்னிரண்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன். இப்படி ஒருநாளும் எழுதிப் பார்க்கவில்லை. பின்னேரம் கையில் காசு இருக்கும், சரி என்று படுத்துவிடுவேன். உண்மையாகவே நெஞ்சு அடைக்கிறது.

8:31

சித்தப்பா: தம்பி, மனதை விடாதே. கோப்பாயில் நாங்கள் வெங்காயம் செய்த காலத்தில், எல்லோரும் ஒரே கிழமை கிண்டிச் சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுபோனால் விலை விழும். விழுந்த விலைக்கும் கீழே ஒருவன் கொடுப்பான், அவனுக்கு அன்றைக்குக் கடன்காரன் வாசலில் நிற்பான். அவனைப் பார்த்து நாங்களும் இறக்கினால் விதை வெங்காயக் காசும் வராது. உன்னுடைய 30 டொலர்க்காரனும் அப்படி ஒரு நெருக்கடியில் நிற்கிறவனாக இருக்கலாம்.

நான்: ஓம் சித்தப்பா. அவனில் எனக்குக் கோபமில்லை. 2013இல் நானும் பழைய விக்டா மோவர் ஒன்றைக் காரின் பின்னால் போட்டுக்கொண்டு 25 டொலருக்குத்தான் வெட்டினேன். காப்புறுதி என்றால் என்னவென்றே தெரியாது. அவனும் புதிதாக வந்தவனாக இருப்பான். பிள்ளைகளும் இருக்கலாம்.

சித்தப்பா: ஆனால் வேலையைப் பார்க்க வேண்டும். எங்கள் முன்வீட்டில் போன மாதம் ஒருவன் மலிவுக்கு வெட்டினான். அது பஃபலோ புல். கொடி மண்ணுக்கு மேலே ஓடுகிற சாதி. அவன் பிளேட்டை ஆகக் கீழே இறக்கி, கொடி வெள்ளையாகத் தெரிய வழித்துவிட்டான். இரண்டு கிழமையாக வைக்கோல் மாதிரிக் கிடக்கிறது. வெறுமையான இடத்தில் பிண்டி என்கிற முள்ளுக் களை எழும்பிவிட்டது. பேரப்பிள்ளை வெறுங்காலோடு ஓடிப்போய் அழுதுகொண்டு வந்தாள். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்று நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய்.

நான்: அந்தப் பிழை பலர் விடுகிறார்கள். கட்டையாக வெட்டினால் நாளாகித் திரும்ப வளரும், காசு மிச்சம் என்று வீட்டுக்காரரே கேட்பார்கள். கிக்குயுப் புல் தாங்கும். பஃபலோ தாங்காது.

மச்சான் (ஸ்கார்பரோ, கனடா): இப்போதுதான் எழும்பினேன், இங்கே விடிகிறது. முழுவதும் வாசித்தேன். மச்சான், உன் விலையில் பிழை இல்லை. உன் பாதையில்தான் பிழை. பென்ரித், காசில் ஹில், ஹோம்புஷ். ஒரே நாளில் மூன்று திசை!

நான்: கஸ்டமர் கூப்பிட்டால் போவதுதானே மச்சான். ஒருவர் சொல்லி இன்னொருவர் வந்தார்கள்.

மச்சான் (ஸ்கார்பரோ): நானும் அப்படித்தான் ஓடினேன், மார்க்கம் நகரத்திலிருந்து பிக்கரிங் வரைக்கும். பிறகு நாளுக்கு ஒரு பகுதி என்று பிரித்தேன். அதற்கு வெளியே யார் கேட்டாலும் இல்லை. ஒரு தெருவில் ஐந்து வீடு என்றால் வானை ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு மெஷினை உருட்டிக்கொண்டு போகலாம்.

மருமகன்: கணக்குப் போட்டேன். ஓட்டத்தை 50 நிமிடத்துக்குள் கொண்டுவந்து, புல்லை அந்தந்த வீட்டுக் கவுன்சில் பச்சைமூடித் தொட்டியிலேயே போட்டால், அதே ஒன்பதரை மணித்தியாலத்தில் பத்து வீடு. வரவு 550. செலவு 96தான் வருகிறது, ஏனென்றால் கொட்டுகிற காசு இல்லை, வான் பெற்றோலும் பாதி. மணிக்கு 47க்கு மேல். விலை ஒரு சதமும் கூட்டாமல்.

நான்: பத்து வீடு முதுகு தாங்காது. எட்டு?

மருமகன்: எட்டு என்றால் எட்டு மணித்தியாலத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். அப்போதும் மணிக்கு 45 அளவில்.

நான்: எல்லா வீட்டிலும் தொட்டி அந்தக் கிழமை வெறுமையாக இருக்காது. ஆனாலும் விளங்குகிறது.

அத்தான்: நான் இன்னொன்று சொல்ல வேண்டும். வருட வரவு 75,000 தாண்டும் என்று தெரிந்தால் 21 நாளுக்குள் ஜிஎஸ்டி பதிய வேண்டும். அப்போது நீ வாங்கும் 55இல் 5 டொலர் அரசாங்கத்துடையது. எட்டு வீடு ஒழுங்காக ஓடினால் நீ தாண்டுவாய். ஆகவே புது ஆட்களுக்கு இன்றைக்கே 60 சொல். பழைய ஆட்களுக்கு ஜூலையில் சொல்லலாம்.

சின்னக்கா: எல்லோரும் 30 சொல்லும்போது இவன் 60 சொல்வதா? யார் கூப்பிடுவார்கள்?

பெரியக்கா: கூப்பிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். நான் வேலை செய்வது முதியோர் பராமரிப்பில். வீட்டிலிருந்தே உதவி பெறுகிற வயதானவர்களுக்குத் தோட்ட வேலைக்கும் ஆள் வேண்டும். நவம்பர் 1 முதல் புதிய திட்டம் வருகிறது. எங்கள் இடத்தில் முதலில் கேட்பது ஏபிஎன் என்கிற வியாபாரப் பதிவு நம்பர், இன்வொய்ஸ், காப்புறுதிக் கடிதம், பொலிஸ் செக். 30 டொலர்க்காரனிடம் இது ஒன்றும் இருக்காது. இவனிடம் எல்லாம் இருக்கிறது, இவன்தான் யாரிடமும் காட்டுவதில்லை.

நான்: பொலிஸ் செக் மட்டும் எடுக்க வேண்டும் அக்கா.

தம்பி (மெல்பேர்ன்): எடு அண்ணா. பிளாட் தொகுதிகளைப் பார்க்கும் ஸ்ட்ராட்டாக்காரரும் அதே கடிதம்தான் கேட்பார்கள், 20 மில்லியன் டொலருக்குக் காப்புறுதி இருக்கிறதா என்று.

நான்: காப்புறுதி என்றதும் எனக்கு 2019 ஞாபகம் வருகிறது. பிளாக்டவுனில் ஒரு வீட்டுப் பின்பக்கம், ஓரத்தில் விப்பர் ஸ்னிப்பர், அதுதான் நைலோன் கயிறு சுழன்று ஓரப் புல்லை வெட்டுகிற மெஷின், ஓட்டிக்கொண்டிருந்தேன். சத்தம்கூடக் கேட்கவில்லை, காதில் மூடி. நிமிர்ந்து பார்த்தால் வெளிக்கதவுக் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது, சீனி உறைந்த மாதிரி. ஒரு நிமிடம் அப்படியே நின்றது. பிறகு மேலிருந்து பொலபொலவென்று கொட்டியது. மூன்று வயதுப் பிள்ளை உள்ளே தரையில் இருந்து விளையாடிக்கொண்டிருந்தான். ஒன்றும் படவில்லை. ஒரு சின்னச் சரளைக்கல். அன்றைக்கு நான் 500 கட்டினேன், மிச்சத்தைக் காப்புறுதி கட்டியது. பிள்ளைக்குப் பட்டிருந்தால் என்று இன்றைக்கும் நினைப்பேன். அதற்குப் பிறகு ஓரம் எடுப்பதற்கு முன்பு குனிந்து கல் பொறுக்காமல் நான் மெஷினைத் தொடுவதில்லை. ஒரு வீட்டுக்கு ஐந்து நிமிடம் அதற்கே போகிறது.

பெரியக்கா: இதைத்தான் நீ அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டும்.

மச்சான் (ஸ்கார்பரோ): பயம் காட்டுகிற மாதிரிச் சொல்லாதே. மற்றவனைக் குறையும் சொல்லாதே. நீ என்ன செய்கிறாய் என்று மட்டும் சொல். இங்கே எங்களுக்குக் குளிர்காலத்தில் புல்லே இல்லை, பனி அள்ளுகிறோம். அதனால் வருடக் கணக்காகப் பேசி மாதாமாதம் ஒரே தொகையாக வாங்குகிறேன். காசு சிக்கல் உள்ளவர்களுக்கு அது உதவி, ஒரு மாதமும் கனமாகத் தெரியாது.

அத்தான்: அது நல்ல யோசனை. வருடத்துக்கு எத்தனை வெட்டு?

நான்: ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை. அப்புறம் குறையும், ஜூன் ஜூலையில் ஏறக்குறைய இல்லை. இருபது என்று வையுங்கள். 2022 மாதிரி மழை வந்தால் வேறு கதை. சிட்னியில் 2,500 மில்லிமீற்றர் தாண்டிய வருடம் அது. வெட்டவும் முடியாது, விடவும் முடியாது.

மருமகன்: இருபது வெட்டு 1,100. மாதம் 92க்குக் கொஞ்சம் குறைவு.

9:20

நான்: சரி, இப்படி எழுதியிருக்கிறேன். மருமகன், நீ இங்கிலீஷில் மாற்றித் தா.

“வணக்கம். நேரடியாகக் கேட்டதற்கு நன்றி. 55க்குக் கீழே என்னால் வர முடியாது. இன்றைக்கு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன், அதற்குக் கீழே போனால் வேலையைச் சரியாகச் செய்ய எனக்கு நேரம் இருக்காது. நான் வெட்டுவதற்கு முன்பு கல் பொறுக்குகிறேன், உங்கள் பஃபலோ புல்லை உயரம் விட்டு வெட்டுகிறேன், ஏதும் உடைந்தால் காப்புறுதி இருக்கிறது. ஒரே தடவையில் கொடுப்பது பாரமாக இருந்தால் மாதம் 92 என்று வருடம் முழுக்கப் பிரித்துக் கொடுக்கலாம். வேறு ஆளைப் பார்ப்பதென்றாலும் எனக்கு மனக்கசப்பு இல்லை. அவரிடம் பிளேட்டை ஆகக் கீழே இறக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.”

சித்தப்பா: கடைசி வரி நல்லது. அதை எடுக்காதே.

மருமகன்: மாற்றி உங்கள் நம்பருக்கு அனுப்பிவிட்டேன் மாமா.

நான்: போட்டுவிட்டேன். நீல டிக் வந்துவிட்டது.

செப்டெம்பர் 29, திங்கள், பகல் 12:50

நான்: பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். பென்ஷன் காசு போதவில்லையாம், மற்றவரை முயற்சி செய்து பார்க்கிறாராம். கிறிஸ்மஸுக்கு எனக்குக் கேக் செய்து தருகிறவர். வானுக்குள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

பெரியக்கா: கவலைப்படாதே ராசா. நீ சொன்னது நேர்மையான பதில்.

நான்: ஓம். பிறகு ஒரு வேலை செய்தேன். காசில் ஹில் பக்கம் புல் வெட்டுகிற ஒரு தமிழ்ப் பெடியன் இருக்கிறான், மெஷின் கடையில் அடிக்கடி சந்திப்பேன். அவனுக்கு என்னுடைய காசில் ஹில் வீட்டைக் கொடுத்துவிட்டேன். அவனுக்கு வென்ட்வர்த்வில்லில் இரண்டு வீடு தனியாக நின்றது, அவனுக்கும் தூரம். அதை எனக்குத் தந்தான். பென்ரித் இரண்டுக்கும் ஆள் தேடுகிறான். வியாழனை முழுக்கப் பெண்டில் ஹில், வென்ட்வர்த்வில், கிரவீன் என்று ஆக்கப் போகிறேன்.

மச்சான் (ஸ்கார்பரோ): அதுதான் மச்சான்!

பெரியக்கா: கிரவீன் என்றால் எங்கள் தெருவில் ஒரு அன்ரி கேட்டுக்கொண்டிருக்கிறார். அங்கிளுக்கு முழங்கால் ஒப்பரேஷன். 60 என்று சொல்லிவிட்டேன், சரியாம். முன்பக்கம் சின்னது, பின்பக்கம் முழங்கால் அளவு புல் நிற்கிறது.

நான்: முழங்கால் அளவு என்றால் முதல் வெட்டு 110 அக்கா. இரண்டு தரம் வெட்ட வேண்டும், முதல் உயர வைத்து, ஒரு கிழமை விட்டு இறக்கி. அதற்குப் பிறகுதான் 60. இப்போதே சொல்லிவிடுங்கள், வந்து நின்றுகொண்டு சொல்வது அழகில்லை.

பெரியக்கா: சொல்கிறேன். எத்தனை மணிக்கு வருவாய்?

நான்: வியாழன் எட்டரைக்கு. பக்கத்துக் கேற்றைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். நாய் இருந்தால் கட்டச் சொல்லுங்கள்.